கம்ப்யூட்டர் போட்ட சிவப்பு வட்டம்

என் வீட்டுக்காரிக்கு மார்பில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் சதையைக் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, தென்காசி லேபில் காட்டச் சொன்னார்கள். குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்கியதும் காசி விஸ்வநாதரைக் கும்பிட்டேன். அந்தக் கண்ணாடிக்கும் ஒரு சிட்டிகை திருநீறு பூசிவிட்டுத்தான் லேபுக்குப் போனேன்.

லேப் டாக்டரம்மா ஒல்லியாக, பாதி நரைத்த கொண்டையோடு இருந்தார். கண்ணாடியை ஒரு மெஷின் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அந்தப் படத்தைப் பார்த்து, புற்று என்று சந்தேகப்படும் இடத்தில் சிவப்பு வட்டம் போடுமாம். என் கண் முன்னாலேயே மூன்று வட்டம் போட்டது.

கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் தம் கண்ணாலும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவர் வழக்கம். பார்த்தவர் கண்ணாடியை விரலால் தடவினார்.

“அண்ணாச்சி, இதுல என்னத்தப் பூசுனிய?”

“திருநீறும்மா.”

“நல்லா பூசுனிய போங்க! திருநீறுன்னா என்னன்னு கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லிக்குடுத்தா? பொடியப் பாத்துப் பயந்து வட்டம் போடுது. இனிமே மதினி நெத்தியில பூசுங்க, இத விட்டுருங்க.”

துடைத்து மறுபடி மெஷினில் வைத்தார். வட்டம் விழவில்லை. ஆனாலும் விடாமல் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். நான் சிவசிவா என்று நின்றேன்.

“சாதாரணக் கட்டிதான், புற்று இல்ல. அழாதிய அண்ணாச்சி.”

இப்போது பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அவருக்கும் ஓர் அர்ச்சனை செய்கிறேன். பெயர் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அர்ச்சகர் நட்சத்திரம் கேட்கும்போதுதான் முழிக்கிறேன். “அது சாமிக்குத் தெரியும்” என்று சொல்லிக் கைகூப்பிவிடுகிறேன்.