வரிசை மாறிய இரண்டு பொத்தான்கள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெருவில் 'சர்வர் சார்' என்று பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான், அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சர்வராக நிறுத்தி, அக்கம்பக்கத்தார் எழுதிப் படிக்க ஒரு சமூக வலைத்தளம் நடத்தி வந்தார். நம் பேச்சு பெரிய கம்பெனிக்காரன் காதில் ஏன் விழ வேண்டும் என்பது அவர் கட்சி. தண்ணீர் வராத செய்தி, காணாமல் போன பூனை, எந்த மாடி ஒழுகுகிறது என்கிற வம்பு, எல்லாம் அதில் உண்டு. சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இப்படிப்பட்ட தளங்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, அவனுக்கு மேலே யாரும் இல்லை. ஒன்றோடொன்று கைகோத்திருப்பதால் இங்கே எழுதுவது நகலாகி அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே அழித்தால், 'நீங்களும் அழியுங்கள்' என்ற உத்தரவு நகல் போன இடத்துக்கெல்லாம் தானாகப் போகும்.

அவருடைய மச்சினி ஒரு நர்ஸ். பெற்றோர் போன பிறகு அக்கா வீட்டில், இவர் தோளில் தூங்கி வளர்ந்தவள். வேலை கிடைத்ததும் தனி அறை எடுத்துக் கௌரவமாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் கவனித்துக்கொண்ட ஒரு கிழவர் இறந்துபோனார். வரும்போதே கைமீறிப் போன நிலைமை. அவள் மேல் தப்பே இல்லை. ஆனால் சர்வர் சாரின் தளத்தில் புனைபெயரில் ஒருவன், தப்பான ஊசி போட்டுக் கொன்றவள் இவள்தான் என்று எழுதினான். கூடவே அவள் போட்டோ, அறையின் விலாசம்.

"மாமா, அதை உடனே எடுத்துடுங்க. வாசல்ல யாரோ நின்னு கத்திட்டு இருக்காங்க," என்று போனில் அழுதாள்.

தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தார். நகல் அதற்குள் வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்குப் போயிருந்தது. கேட்பாரில்லாத இடம். அவளை என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஆளாளுக்கு எழுதிய அசிங்கமெல்லாம் இவர் திரையில் வந்து கொட்டியது. அவருக்கு ரத்தம் கொதித்தது. முதலில் அந்தத் தளத்தோடு தொடர்பை வெட்டினார். பிறகு பதிவை அழித்தார். அதே கோபத்தில் எழுதியவன் கணக்கையும் சுவடில்லாமல் துடைத்தெறிந்தார்.

வரிசை மாறிவிட்டது. இத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனிதர் அன்றைக்குக் கோட்டைவிட்டார். அழிக்கச் சொல்லும் உத்தரவு எல்லா இடத்துக்கும் போனது, தொடர்பை வெட்டிய அந்த ஒன்றுக்கு மட்டும் போகவில்லை. மறுபடி சேர்த்துப் பார்த்தார். ஏற்கெனவே அழிந்ததை இன்னொரு தடவை அழிக்கச் சொல்ல வழியில்லை. அந்த முதலாளிக்கு எழுதிக் கெஞ்சினார். உங்கள் ஊர்ச் சட்டம் என்னைக் கட்டாது, உங்கள் சர்வரிலிருந்து உத்தரவும் வரவில்லை என்று பதில் வந்தது. படம் அங்கேயே நின்றது, அடியில் இவர் தளத்தின் பெயரோடு.

மச்சினி அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. எழுதியது பொய் என்று கோர்ட் சொன்னால்தான் திரும்ப எடுப்பார்களாம்.

அவர், மனைவி, மச்சினி மூவரும் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தார்கள்.

"எழுதினது யாரு?"

"தெரியாதும்மா. கணக்கை அழிச்சுட்டேன்."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அது ஒண்ணு இருந்திருந்தா உங்களையும் காப்பாத்தியிருக்கும், இவங்களையும் காப்பாத்தியிருக்கும். யார் மேலயாவது கேஸ் போட்டாத்தான் கோர்ட் விசாரிக்கும். இப்போ கைக்கு அகப்படற ஆள் நீங்க ஒருத்தர்தான். பரப்பினதுக்கும் கேப்பாங்க, தடயத்தை அழிச்சதுக்கும் கேப்பாங்க. ஜெயில்கூட வரலாம்."

"வேண்டாம் மாமா. வேலை போனாப் போகட்டும்," என்றாள் மச்சினி.

"போனாப் போகட்டும்னு சொல்லவா அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சே? எதிராளின்னு என் பேரை எழுது."

மனைவி இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போனாள். யார் பக்கம் பேசுவாள், பாவம்.

கோர்ட் நோட்டீஸ் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். கதவுக்கு இப்பால் எல்லாம் கேட்டது.

"கேஸ் போட்டவங்க விலாசமும் இதேதான் இருக்கு," என்று கொண்டுவந்த ஆளின் குரல் குழம்பியது. "தப்பா அடிச்சுட்டாங்க போல."

"தப்பில்லை. சரிதான்," என்றாள் மச்சினி.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டினார்.

"அப்பா."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் அவர் கேட்டதேயில்லை. சோப்பு வழிய அப்படியே நின்றார்.

"அப்போ நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்மா," என்றார் அந்த ஆள்.

அவர் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, வெளியே கேட்காமல் அழுதார்.