பச்சை ஹெல்மெட்

காரின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, பச்சை ஹெல்மெட் புருவத்துக்கு மேலே சரியாக உட்காரும்வரை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்கிறாள் டார்லா. பக்கத்து இருக்கையில் ஒட்டிலியா காத்திருக்கிறாள். அவளுடைய ஹெல்மெட் வெள்ளை. அதை மாட்டக் கண்ணாடி வேண்டியதில்லை. அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் இருவருக்கும் அடுத்தடுத்த டிரெய்லர் வீடு. கோழிக்கறி ஆலைக்கு டார்லாவின் காரில்தான் வருகிறார்கள். வழியெல்லாம் ஒட்டிலியாவுக்கு அவள் வெறும் "டார்லா". பச்சை தலையில் ஏறியதும் "மிஸ் டார்லா" ஆகிவிடுவாள். அப்படிக் கூப்பிட யாரும் சொல்லித்தரவில்லை.

உள்ளே பெல்ட்டில் கோழி வந்துகொண்டே இருக்கும். எலும்பெடுக்கும் பெண்கள் தோளோடு தோள் உரச நின்று அறுப்பார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் கத்தி இல்லாத கையைத் தூக்க வேண்டும். பச்சை ஹெல்மெட் போட்ட மேற்பார்வையாளர் ஒரு மாற்றாளைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் நகரலாம். கேட்காமல் நகர்ந்தால் வேலை போய்விடும். மாற்றாளுக்கோ எப்போதும் பஞ்சம். அதனால் பலர் காலையில் காபியைத் தொடுவதில்லை. சிலர் டயப்பர் கட்டிக்கொண்டு வருகிறார்கள். டார்லாவும் வருஷக்கணக்கில் கட்டியவள்தான்.

அப்போது பச்சை, லாயிட்டின் தலையில் இருந்தது. கார் ஓட்டும்போதெல்லாம் டார்லா அவரைத் திட்டித் தீர்ப்பாள். "அவன் மனுசனே இல்லடி. அவன் வீட்டுப் பொம்பளைக்கெல்லாம் மூத்திரமே வராதா? அந்தப் பச்சை மட்டும் என் தலைக்கு வரட்டும், கை தூக்குறதுக்கு முன்னாடியே அனுப்பிடுவேன் பாரு."

மேலாளரோடு முட்டிக்கொண்டு லாயிட் வெள்ளைக்கு இறங்கினார். பச்சை டார்லாவுக்கு வந்தது. முதல் வாரம் அவள் சொன்ன சொல் தவறவில்லை. கேட்டவர்களையெல்லாம் அனுப்பினாள்; மாற்றாள் இல்லாதபோது தானே கத்தியைப் பிடித்தாள். பெல்ட்டில் கோழி தேங்கியது. மேலாளர் வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் பக்கத்தில் கைகட்டி நின்று, தேங்கிய கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்து அப்படியே நின்றார்.

அதற்குப் பிறகு "கொஞ்சம் பொறு கண்ணு" வந்தது. அது தேய்ந்து "இப்பத்தானே போயிட்டு வந்தே?" ஆயிற்று. இப்போது தூக்கிய கைகளே அவள் கண்ணில் படுவதில்லை. பாதிப் பேர் நடிக்கிறார்கள் என்று மனதார நம்புகிறாள். "நானும் அங்க நின்னவதானே? என்னால முடிஞ்சுதுல்ல?" என்கிறாள். எப்படி முடிந்தது என்பதைச் சுத்தமாக மறந்துவிட்டாள்.

கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஒட்டிலியா காய்ச்சலில் படுத்தபோது சோள ரொட்டியும் பீன்ஸும் செய்து கொண்டுபோய், நெற்றிக்கு ஈரத்துணி போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவளும் இவள்தான்.

லாயிட்டின் கதை இன்னும் விசேஷம். ஒட்டிலியாவுக்குப் பக்கத்தில் நின்று அறுக்கும் அவர் இப்போது ஏழைகளின் காவலர். "இவ பொம்பளையா, ராட்சசியா? மனுசங்கள இப்படி நிக்கவைக்க எப்படித்தான் மனசு வருதோ!" பெண்கள் சிரிப்பை முகமூடிக்குள் அடக்கிக்கொள்வார்கள்.

போன வியாழக்கிழமை காலை, காரில் ஒட்டிலியா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "டார்லா, நேத்துலேருந்து நீர்க்கடுப்பு. இன்னிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும்."

"அதுக்கென்ன கண்ணு? கையத் தூக்கு, உடனே அனுப்பிடறேன்."

கை உயர்ந்தபோது பெல்ட்டின் அந்தக் கோடியில் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். டார்லா கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு கோழியைப் பார்த்தாள்.

"மிஸ் டார்லா, ப்ளீஸ்."

"ரெண்டு நிமிசம்."

அந்த இரண்டு நிமிடம் முடிவதாக இல்லை. ஒட்டிலியாவின் கால்கள் பின்னிக்கொண்டன. வரிசையில் அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் கோழியையே பார்த்தார்கள். லாயிட் மட்டும் பொறுக்கமாட்டாமல் கத்தினார். "அந்தப் பொண்ண அனுப்பு டார்லா!"

"உன் வேலையப் பாரு. இந்தப் பச்சை உன் தலையில இருந்தப்ப நீ யாரை அனுப்பினே?"

லாயிட்டின் தலை கவிழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒட்டிலியாவின் கை தானாகக் கீழே இறங்கியது. அங்கே தரை எப்போதுமே ஈரம்தான். அவள் அடுத்த கோழியை எடுத்து அறுத்தாள்.

வேலை முடிந்ததும் டார்லா ஹெல்மெட்டைக் கழற்றிக் காரின் பின்னிருக்கையில் வைத்தாள். குரல் பழையபடி குழைந்தது. "ஐயோ கண்ணு, அவ்வளவு அவசரம்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"காலையிலயே சொன்னேன், மிஸ் டார்லா."

டார்லா காரின் பின்பக்கம் போய்க் குப்பைக்குப் போடும் கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துவந்தாள். அதை ஒட்டிலியாவின் இருக்கையில் விரித்து, ஓரங்களை உள்ளே செருகி, சுருக்கமில்லாமல் உள்ளங்கையால் நீவிவிட்டாள்.