மொக்கிடம் கேட்ட வாக்கு

என் நாத்தனார் சிரித்தால் மூன்று காடு தள்ளிக் கேட்கும். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது காட்டில் ஏர் ஓட்டுகிறவர் மாட்டை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, அம்மிணிக்கு இன்னைக்கு என்ன வந்துதாமா?" என்று வரப்பில் போகிறவர்களிடம் கேட்பார். திருச்செங்கோட்டுக்கு ஏழு மைல் உள்ளே இருந்த அந்தத் தோட்டத்து வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்ட அன்றைக்கு, மணவறையில் என் தலைப்பூ நழுவி மடியில் விழுந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள் பாருங்கள், தவில்காரருக்கே தாளம் தப்பிவிட்டது. அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வினையும். மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காப்பி நீட்டும்போதோ, வந்த பெரியவர் மீசையில் கேசரி ஒட்டியிருப்பதைப் பார்த்தோ, எப்படியும் ஒரு சிரிப்பு சிரித்துவிடுவாள். "பொண்ணு கொஞ்சம் அடக்கமா இருந்தாத் தேவலீங்க" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபோது அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு மாதம் ஆகியும் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. "சிரி புள்ள, ஊடு எழவு ஊடாட்ட இருக்குது" என்று கெஞ்சினேன். "போங்க நங்கை, சிரிச்சது போதும்" என்றாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செடி வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் போர் வண்டியில் இருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் வண்டிகள் ஆந்திரா, மராட்டியம் என்று ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருந்தன. போனால் மூன்று மாதம் ஆள் வரமாட்டார். வரும்போது லாரியின் சாமான் பெட்டியிலிருந்து ஏதாவது எடுத்து நீட்டுவார். அந்தத் தடவை எண்ணெய்க் கறை படிந்த காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டுச் செடி. பெட்டியில் போட்டதை மறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சாகவில்லை.

கற்றாழையும் இல்லை, கள்ளியும் இல்லை. விரல் தடிமனில் நாலு பட்டையாக, தொட்டால் மெத்தென்று, கன்றுக்குட்டியின் காதைத் தொட்டது போல இருந்தது. ஓரத்தில் முள் மாதிரித் தெரியும், ஆனால் குத்தாது. "போர் போட்ட ஊட்டுக்கார அம்மா குடுத்தாங்க. பூவு வட்டல் அகலத்துக்குப் பூக்குமாமா" என்றார். வட்டல் என்றால் நாங்கள் சோறு தின்கிற தட்டு. "அவிய பாசையில இன்னமும் என்னென்னமோ சொன்னாங்க. மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டுனாங்க. நல்ல வாசமா இருக்குமாட்ட இருக்குது."

நட்டேன். பத்து நாளில் அடித்தண்டு அழுகிக் கொழகொழத்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நாள் விடியலில் வெளியே வந்தால், என் மாமியார் அரிசி கழுவிய தண்ணீரை ஒரு போசி நிறையக் கொண்டுவந்து அதன் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்! தினமும் நடந்திருக்கிறது.

"தண்ணி ஊத்தியே கொன்னுபோட்டீங்களே அத்தை!"

"வாயில்லாச் சீவன் அம்மிணி. காஞ்சு கெடந்தா எப்பிடிப் பாத்துட்டு நிக்கறது?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மழை பொய்க்கிற மேட்டுக்காட்டில் குடம் குடமாகச் சுமந்து பயிரைக் காப்பாற்றிய கை அது. ஆனால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்; வந்தால் போகாது. இரண்டு நாள் மாமியாரோடு பேசவில்லை. செடியின் தலைப்பக்கம் மட்டும் நன்றாக இருந்ததை அரிவாள்மணையில் அறுத்து, ஜன்னல் விளிம்பில் எட்டு நாள் காயவைத்தேன். தோட்டத்தில் போர் போட்டபோது பூமிக்குள்ளிருந்து வெளியே தள்ளிய கல்துகள் கிணற்றோரம் மேடாகக் கிடந்தது. அதை ஓட்டை விழுந்த ஒரு பீங்கான் பேசினில் நிரப்பி, இரண்டு பிடி மண் சேர்த்து நட்டேன். "கல்லுல செடி வளத்தறாளாமா, பத்தாவது படிச்சவ" என்று மாமியார் மாட்டிடம் சொல்லிக்கொண்டு போனார்.

தண்ணீரை நிறுத்த ஒரு வழி கண்டுபிடித்தவள் நாத்தனார்தான். "இது விரதம் இருக்கற செடியம்மா. அமாவாசைக்கு ஒரு சொம்பு, பௌர்ணமிக்கு ஒரு சொம்பு. நடுவுல ஊத்துனா விரதம் கெட்டுப்போயிரும்" என்று முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். மாமியார் அப்படியே நம்பிவிட்டார். அதற்கப்புறம் நானே மறந்தாலும் அமாவாசையன்று அவர் சொம்போடு நிற்பார். மறு வருஷம் பேசின் நிறையக் கொத்தாகக் கிளம்பிவிட்டது செடி. புரட்டாசியில், தண்டுக்கு அடியிலிருந்து ஒரு மொக்கு வந்தது.

அந்த மொக்கைச் சொல்ல வேண்டும். முதலில் மிளகாய் அளவு. பிறகு பம்பரம். பிறகு காற்றடைத்த பை மாதிரி உப்பி உப்பி, என் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால்தான் பிடிக்கும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் எல்லாம் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த நேரத்தில் நாமக்கல் பக்கமிருந்து நாலாவது சம்பந்தம் வந்தது. கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள், ஒரே பையன். எந்தச் சம்பந்தம் என்றாலும் முதலில் குலதெய்வத்திடம் பூவாக்குக் கேட்பது எங்கள் வழக்கம். பூசாரி அம்மன் சிலைமேல் பூ வைப்பார். வலது பக்கம் விழுந்தால் நடக்கும். இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். மாமனாரும் மாமியாரும் போனார்கள். காலையிலிருந்து உச்சிப்பொழுது வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். பூ எந்தப் பக்கமும் விழவில்லை, ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது. "வெள்ளிக்கெழம வாங்க" என்றாராம் பூசாரி. மாப்பிள்ளை வீட்டார் வருவதோ புதன்கிழமை.

மாமியார் வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். எதிரே மொக்கு. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் கைகால் கழுவிக்கொண்டு வந்து, பேசினுக்கு விபூதி பூசிக் குங்குமம் வைத்துவிட்டு, "ஆத்தா, அங்க வாய் தொறக்க மாண்டேன்னுட்டே. இங்கயாச்சும் சொல்லு. அவிய வார அன்னைக்கு இந்தப் பூ விரிஞ்சா எம்பட புள்ளைக்குக் கல்யாணம். விரியலீனா விட்டுப்போடறேன்" என்று கும்பிட்டார். செடி என்னுடையது. அது விரியாவிட்டால் என் நாத்தனார் வாழ்க்கை?

"விரியும் நங்கை" என்றாள் அவள் மெதுவாக. இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. தரகர் கொடுத்த படத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்தேன்.

புதன்கிழமை காலை மொக்கு மூடியே இருந்தது. மாமியார் முகம் செத்துவிட்டது. பலகாரம் சுடச் சுட நான் ஓடி ஓடிப் போய்ப் பார்க்கிறேன். பத்து மணி வாக்கில் நுனியில் ஒரு கீறல். அடுத்து ஒரு கீறல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து இதழும் பட்டென்று பிரிந்து மடங்கின. அடேயப்பா! வட்டல் அகலம் என்று சொன்னது பொய்யில்லை. சந்தன மஞ்சளில் நட்சத்திரம். அதில் மெல்லிசாகச் செங்காவிக் கோடுகள். ஓரமெல்லாம் பூனை மயிர். மாமியார் அழுதேவிட்டார். "வாக்குக் குடுத்துட்டா ஆத்தா!" என்று பேசினைத் தானே தூக்கிக்கொண்டு போய், விருந்தாளிகள் உட்காருகிற ஆசாரத்தில், அவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்தார். நாத்தனாரிடம் திரும்பி, "பல்லு வெளிய தெரிஞ்சுது, கொன்னுபோடுவேன்" என்றார்.

வந்தார்கள்: மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா. உட்கார்ந்தார்கள். மழையில்லாமை, பருத்தி விலை என்று பேச்சு ஓடியது. வெயில் ஏற ஏற ஒரு நாற்றம் கிளம்பியது. செத்து நாலு நாளான எலி நாற்றம்.

மாமியார் என்னைப் பார்த்தார். நான் மாமனாரைப் பார்த்தேன். மாமனார் எழுந்து, பரண் போலிருந்த அட்டாலியில் ஏறி, மூட்டைகளைப் புரட்ட ஆரம்பித்தார். நான் குதிருக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுக் குடைந்தேன். ஒரு வால்கூட அகப்படவில்லை. "மன்னிக்கோணுமுங்க, எலி செத்துருக்குதாட்ட இருக்குது" என்று மாமியார் கையைப் பிசைந்தார். மானம் போகிறதே என்று எனக்குக் காது சுட்டது.

அங்கே பார்த்தால் வந்தவர்கள் எங்களுக்கு மேல் தவிக்கிறார்கள். மாப்பிள்ளை காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவர் அப்பா தோள்துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு மடியில் ஒளித்தார். அந்த அம்மா மகனின் சட்டைப் பக்கம் குனிந்து மோந்து, கண் கலங்கித் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஏன் என்று தெரியவில்லை. ஏதோ தப்பாகிவிட்டது, எழுந்து போகப் போகிறார்கள் என்று மட்டும் நினைத்தேன்.

அப்போது நாத்தனார் காப்பித் தட்டோடு வந்தாள். பூவின் நடுவில் பச்சை ஈக்கள் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. அவள் நின்றாள். குனிந்தாள். பூவை ஒரு மோப்பம் பிடித்தாள். அட்டாலியில் தலையெல்லாம் ஒட்டடையோடு எலி தேடுகிற அப்பாவை ஒரு பார்வை, பூசிய விபூதி குங்குமத்தோடு நாறுகிற பூவை ஒரு பார்வை. தட்டைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வெடித்தது. ஓடு அதிர்ந்தது.

மாமியார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "பூவுங்க! பூவுதானுங்க நாறுது!" என்று நான் கத்தினேன்.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். "அப்ப... நாங்க இல்லீங்களா?"

"ஐயோ, நீங்களா? எதுக்குங்க?"

"ரெண்டு ஊட்டுல கோழி நாத்தம்னு மூக்கைப் பொத்திக்கிட்டாங்க அம்மிணி. இன்னைக்கு எம்பட பையன் மூணு தரம் தண்ணி வாத்துக்கிட்டு வந்தான். அப்பவும் அடிக்குதாட்ட இருக்குதுன்னு உசுரே போயிருச்சு எனக்கு." சொல்லச் சொல்ல அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எல்லோரும் சிரித்தோம். அட்டாலியிலிருந்து இறங்க முடியாமல் மாமனாரும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மாமியார் பயந்து பயந்து, "புள்ள கொஞ்சம் சத்தமாச் சிரிச்சுப்போடுமுங்க" என்றார்.

மாப்பிள்ளை அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார். "சிரிக்கட்டுமுங்க. எங்க பண்ணையில ரெண்டாயிரம் கோழி கத்துது. யாரு பேசறதும் எனக்குக் கேக்கறதில்ல. இவங்க சிரிச்சாக் கேக்கும்."

தையில் கல்யாணம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவே இல்லை. "நாறுனா என்ன? சொன்ன நாள்ல விரிஞ்சுதா, இல்லியா?" என்று மாமியார் ஊரெல்லாம் சண்டைக்கு நின்றார். சந்தோஷத்தில் செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றப் போனவரை ஓடிப்போய்த் தடுத்தேன்.

நாத்தனார் புறப்பட்டபோது, எட்டு நாள் காயவைத்த ஒரு செடித் துண்டைச் சீர்வரிசைப் பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தேன். "அமாவாசைக்கு ஒரு சொம்பு" என்றேன். "பௌர்ணமிக்கு ஒரு சொம்பு" என்றாள். அவள் போன பிறகு வீட்டில் எனக்குக் கை ஓடவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட அழுதேன்.

மறு வருஷம் ஐப்பசியில் அவளைப் பார்க்கப் போனேன். நாமக்கல்லில் பஸ் மாறி, பிரிவில் இறங்கி, பலகாரத் தூக்கோடு மண்பாதையில் நடந்தேன். தூரத்தில் பண்ணைக் கொட்டகை தெரிந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் கோழி நாற்றம்கூட இன்னும் வரவில்லை. அதற்குள் மூன்று காடு தள்ளி அவள் சிரிப்புக் கேட்டது. பூத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.