சவரிமுத்து மாஸ்டர் மாற்றாத வரிசை

செய்தி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தது. அது நான் செய்தித்தாள் படிக்கும் நேரம். அப்போது என்னை யாரும் அழைக்கக் கூடாது என்பது எங்கள் பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எரிச்சலோடுதான் செல்பேசியை எடுத்தேன். டைம் ஆபீஸ் ராமசாமி பேசினார்.

"அம்மா, நம்ம சவரி மாஸ்டர் தவறிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராமா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க."

என் மனத்தில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. புதன்கிழமை வரவேண்டிய துணியை யார் வெட்டுவது என்ற கேள்விதான் எழுந்தது. எழுதக் கூசுகிறது. ஆனால் இங்கே நான் சொல்ல வந்தவற்றில் பெரும்பாலானவை எனக்குப் பெருமை தராதவை. ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

சவரிமுத்து கோவில்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர். அந்தப் பக்கத்தில் பையன்கள் நடக்கத் தொடங்கியதும் ஹாக்கி மட்டையைப் பிடித்துவிடுவார்கள் என்று அவரே சொல்வார். என் கணவர் இருந்த காலத்தில் கட்டிங் மேசையில் துணி விரிக்கும் ஆளாக வந்து, கட்டிங் மாஸ்டர் ஆனவர். அவரைத் தொடர்ந்து அவர் ஊர்ப் பையன்கள் பலர் வேலைக்கு வந்தார்கள். மாலையில் கம்பெனிக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் பந்து அடிப்பார்கள். என் கணவருக்கு ஹாக்கியில் ஒன்றும் தெரியாது. இருந்தும் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு மட்டைகள் வாங்கிக் கொடுத்தார். அவர் காலமான பிறகு அவர் பெயரில் நான் ஒரு கோப்பை வைத்தேன். வட்டாரத்துக் கம்பெனி அணிகளும் கல்லூரி அணிகளும் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்காக மோதின. எங்கள் அணிக்குப் பயிற்சியாளர் சவரிமுத்துதான்.

எனக்கு ஆட்டம் தெரியும். மலைமேல் ஒரு கான்வென்ட்டில் படித்தபோது மூன்று ஆண்டுகள் முன்வரிசையில் லெஃப்ட்-இன் இடத்தில் ஆடியிருக்கிறேன். எங்கள் சிஸ்டர் வெள்ளிக்கிழமை மாலை முன்வரிசை ஐந்து பேரின் பெயரைப் படிப்பார். கால் முறிந்தால் ஒழிய அந்த ஐந்து மாறாது. அப்படித்தான் அணி நடத்த வேண்டும் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

சவரிமுத்துவின் முன்வரிசையோ வாரம் ஒன்றாக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பருவத்தில் ஒவ்வொரு ஞாயிறும் பள்ளி மைதானத்துக்குப் போய், சைக்கிள் கொட்டகை ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐந்து பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதினேன். எந்த இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை. இடதுபுறக் கோட்டை ஒட்டி ஓடும் லெஃப்ட்-அவுட் இஸ்மாயில் ஒருவர்தான் நிலையாக இருந்தார். உள்ளூர் ராயபுரத்துப் பையன், பேக்கிங் பிரிவு. அவருக்குப் பக்கத்து இடமான லெஃப்ட்-இன்னுக்கு உரியவர் அயர்னிங் பிரிவுப் பாண்டி. பாண்டி தலையைத் தூக்காமலே பந்தைத் தள்ளுவார். அது போய்ச் சேரும் இடத்தில் இஸ்மாயில் இருப்பார். அப்படிப்பட்ட ஜோடியை ஒரு வாரம் சேர்ப்பதும் மறுவாரம் பிரிப்பதுமாக இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஒருநாள் கட்டிங் மேசைக்கே போய்க் கேட்டேன்.

"ஏனுங்க மாஸ்டர், போன வாரம் ரெண்டு கோல் போட்ட பாண்டியை இந்த வாரம் எங்கீங்க காணோம்?"

"மாத்திப் பாத்தேம்மா."

"நல்லா இருக்கறத எதுக்குங்க மாத்தோணும்?"

"பாண்டிகூட ஆடுத இஸ்மாயில் வேற, மத்தவன்கூட ஆடுத இஸ்மாயில் வேறம்மா. எல்லாவன் பக்கத்துலயும் நின்னு பழகட்டும். ஓடுதவனத்தான் எல்லாரும் பாப்பாக. அவன் ஓட எடம் விட்டவன யாரும் பாக்க மாட்டாக. நான் அவனத்தாம்மா தேடுதேன்."

"எங்க சிஸ்டர் அஞ்சு பேர்னா அஞ்சு பேர்தான். கடைசி ஆட்டம் வரைக்கும் மாறாது."

அவர் துணியை நீவிவிட்டபடியே சொன்னார்: "ஒங்க சிஸ்டருக்கு ஷிப்மென்ட் கெடையாதுல்லாம்மா."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். கேலி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவ்வளவு மாற்றங்களோடும் எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை, என் மேசையில் ஞாயிறு வேலைக்கு வரவேண்டியவர்களின் பட்டியல் இருந்தது. திங்கட்கிழமை கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்து பார்த்து, அயர்னிங் சரியில்லை என்று ஒரு பகுதியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் பேனாவைத் திறக்கும்போது சவரிமுத்து வந்து நின்றார். அந்தப் பருவம் முழுவதும் அவர் எதற்காகவும் என் அறைக்கு வந்ததில்லை.

"அம்மா, நாளைக்குப் பாண்டிய மட்டும் விட்டுக் குடுக்கணும்."

"அயர்னிங்ல ஏற்கெனவே ரெண்டு பேரு வரலீங்க."

"ஆட்டம் முடிஞ்ச கையோட நானே கூட்டியாந்து விட்டுருதேம்மா."

"கோப்பை எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்குதுங்க மாஸ்டர். ஜெயிக்கோணும்னு எனக்கு ஆசை இல்லீங்களா? ஒருத்தரை விட்டா பத்துப் பேரு வந்து நிப்பாங்க."

"அதுக்கில்லம்மா. ஒரு காரியம் உண்டு..."

"மாத்தறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சுங்களே. இன்னொருக்கா மாத்திக்கோங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு ஆட்டம் எனக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது. பாண்டியின் இடத்தில் நின்றவர் பந்து கிடைத்ததும் நடுவிலேயே கொண்டுபோனார். இஸ்மாயில் கோட்டோரம் காத்துக்கொண்டே இருந்தார். முதல் பாதியில் அவர் மட்டையில் பந்து பட்டது மூன்றே முறை. நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். இடைவேளையில் ராமசாமியை அனுப்பினேன்.

"இஸ்மாயிலை உள்ள இழுத்து லெஃப்ட்-இன்ல போடச் சொல்லுங்க. கோட்டுல நின்னா பந்து வராது."

ராமசாமி தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார். "இன்னைக்கு வேண்டாம்னு சொல்லச் சொன்னாருங்கம்மா."

வாரந்தோறும் மாற்றியவர் அன்று ஒருவரைக்கூட மாற்றவில்லை. முதல் நிமிடம் நின்ற ஐவரே கடைசி நிமிடமும் நின்றார்கள். இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். என் கணவர் பெயர் பொறித்த கோப்பையை எதிரணித் தலைவரிடம் என் கையால் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் சிவப்பு மையால் எழுதினேன்: "மாற்றவில்லை. தோற்றோம்."

இனிச் சொல்வது அந்த ஆண்டு எங்கள் ஆயுத பூஜையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மெஷின்களுக்கு மாலை போட்டு, பொரி கொடுத்த பிறகு நான் பேசினேன். கம்பெனி விஷயங்களை முடித்துவிட்டு ஹாக்கிக்கு வந்தேன். "நம் மாஸ்டர் ஏழு ஞாயிறு ஏழு வரிசை போட்டார். வேண்டாத நாளெல்லாம் மாற்றினார். வேண்டிய ஒரே நாளில் மாற்றவில்லை. துணியையும் இப்படி வெட்டினால் கம்பெனிக்குப் பூட்டுத்தான் போட வேண்டும்" என்றேன். ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். ஆடிய பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. அதை நான் அன்றே கவனித்தேன். காரணம் தேடவில்லை. சவரிமுத்து பொரிப் பையைக் கையில் பிடித்தபடி, ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

சில மாதங்களில் இஸ்மாயில் சென்னையில் ஏதோ அரசு நிறுவனத்தில் வேலை கிடைத்தது என்று இனிப்பு கொண்டுவந்தார். பீக் சீசனில் போகிறாரே என்று எனக்குக் கோபம். முகம் கொடுத்துப் பேசவில்லை. பாண்டி வேறு கம்பெனிக்குப் போனார். அணி கலைந்தது. சவரிமுத்து கடைசி வரை எங்கள் மேசையில் துணி வெட்டினார். வெட்டில் ஒரு நூல் பிசகியதில்லை. என்னிடம் ஹாக்கி பற்றி அவர் மறுபடி பேசவும் இல்லை.

செய்தி வந்த அன்று பிற்பகல், நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் அவர் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். உடலை மாலையில் சொந்த ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தார்கள். கரண்ட் இல்லை. ஃப்ரீசர் பெட்டிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் பாண்டி நின்றிருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "எத்தனை வாட்டி முன்வரிசையை மாத்தியிருப்பாரு, பாவம்" என்றேன்.

பாண்டி தலை நிமிரவில்லை. "அவரு எங்கம்மா மாத்துனாரு. நீங்கல்லா மாத்துனீங்க."

"நானா?"

"சனிக்கெழம நாலு மணிக்கு ஞாயித்துக்கெழம டூட்டி லிஸ்ட் போர்டுல ஏறும்லா. அதுல யாரு பேரு இல்லையோ, அவங்கள வச்சுத்தான் அவரு லைன் போடுவாரு. ரெண்டு கோல் போட்ட மறுவாரம் நான் அயர்னிங் டேபிள்ல நின்னேன். நீங்கதான் கையெழுத்து போட்டிருந்தீங்க."

என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் பலகை தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அதன் முன் நின்று, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் ஏதோ ஒரு அட்டையில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நாலு வரித் தமிழ் வாசிக்க இந்த மனிதருக்கு இவ்வளவு நேரமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் இஸ்மாயில் வந்தார். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, பையோடு நேராக வந்திருந்தார். பெட்டியின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"அம்மா, அந்த ஃபைனலை நீங்க மறந்திருக்க மாட்டீங்க."

"இல்லை."

"இப்ப நான் வேலை பாக்கற சென்னை ஆபீஸோட ஹாக்கி டீமுக்கு ஆள் எடுக்கறவரு அன்னைக்கு எதிர்ப்பக்கம் உக்காந்திருந்தாருங்க. அவங்களுக்கு லெஃப்ட்-அவுட் ஒருத்தர்தான் வேணும். மாஸ்டர்தான் சொல்லிச் சொல்லி அவரை வரவழைச்சாரு. என்னை உள்ள இழுத்திருந்தா அவரு எந்திரிச்சுப் போயிருப்பாருங்க. இடைவேளையில மாஸ்டர் எல்லாத்தையும் கூப்பிட்டு, 'கோப்பை வேணுமா, இவன் பொழப்பு வேணுமா, சொல்லுங்கலே'ன்னாரு. பத்துப் பேரும் என்னைக் கோட்டுலயே நிக்கச் சொன்னாங்க. பந்து வராதப்பக்கூட எடத்தை விட்டு நகராம நின்னேன்னுதான் ஆள் எடுக்க வந்தவரு என்னை வேலைக்குக் கூப்பிட்டாருங்க."

"இதை மாஸ்டர் ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?"

இஸ்மாயில் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "கம்பெனியை விட்டுப் போறவனுக்காக முதலாளியம்மாகிட்ட எப்படீங்க ஆள் கேக்கறது? ஆனா சொல்லிப் பாக்கறேன்னுதான் அன்னைக்கு உங்க ரூமுக்கு வந்தாரு."

ஒரு காரியம் உண்டு என்று அவர் தொடங்கியது இதுதான்.

கிளம்பும்போது சவரிமுத்துவின் மனைவி ரோசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "ஒங்களப் பத்திப் பெருமையாத்தாம்மா பேசுவாக. தோத்துட்டு வந்த அன்னைக்குக்கூட, 'எங்கம்மாவுக்கு ஆட்டம் தெரியும், அவுக சொல்லிவிட்டபடி மாத்தியிருந்தா கோப்பை நம்மளுக்குத்தான்'னு சொன்னாக."

நான் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே மாற்றாமல் நின்றிருக்கிறார். இருநூறு பேர் முன்னால் நான் அதையே சொல்லிக் குத்தியபோதும் தலையசைத்துக் கேட்டிருக்கிறார். இஸ்மாயில் அப்போது எங்கள் கம்பெனியில்தான் இருந்தார். சென்னையிலிருந்து கடிதம் இன்னும் வந்திருக்கவில்லை. அன்று மாஸ்டர் வாயைத் திறந்திருந்தால் அவர் மானம் திரும்பியிருக்கும்; ஆனால் அந்தப் பையனின் நிலை என்னவாகியிருக்கும் என்று எனக்கே தெரியாது. நான் அப்போது எப்படிப்பட்டவளாக இருந்தேன் என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்.

அந்த ஆயுத பூஜையில் இருந்தவர்களுக்காகவே இதை எழுதினேன். அங்கே நான் சொன்னது தவறு. நான் திரும்பப் பெறுவதைக் கேட்க அவர் இல்லை. கேட்டவர்களாவது நீங்கள் இருக்கிறீர்கள்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. சிவப்பு மையை அழிக்கவில்லை. எழுதியதை அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நோட்டு அல்ல. நான் முடிக்கவிடாத அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

போன சனிக்கிழமை பட்டியலில் கையெழுத்துப் போடும்போது செக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். "என்ன கண்ணு?" என்றேன். "ஒண்ணுமில்லீங்கம்மா" என்று திரும்பப் போனாள். பேனாவை மூடி வைத்தேன். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காரு. சொல்லி முடிச்சுட்டுப் போ" என்றேன்.