சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த படங்கள்

சுங்கை வேயில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், அதில் ஒன்றுக்குச் சங்கிலி இல்லை. ஒரு சறுக்கு, ஐந்தாறு பெஞ்சு, பெரிய அங்சானா மரம் ஒன்று, சுற்றி நடக்க ஒரு மண் பாதை. அதைப் பெருக்குவதுதான் ஏழு வருடமாக என் வேலை. நகர மன்றம் குத்தகைக்காரரிடம் வேலையைக் கொடுக்கிறது, குத்தகைக்காரர் என்னிடம் கொடுக்கிறார். புல் வெட்டும் ஆட்கள் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து லோரியில் எப்போதாவது வந்து வெட்டிவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் நானும் என் விளக்குமாறும்தான்.

இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். படித்த காலத்திலும் பதில் தெரிந்திருந்தால்கூட எழுந்து சொல்ல மாட்டேன். கடையில் தே ஓ கேட்டு, அவர்கள் பால் ஊற்றிய தேநீரைக் கொண்டுவந்து வைத்தால், அதையே குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

பேசத் தேவையில்லையே தவிர, படம் எடுக்க வேண்டும். காலையில் பெருக்கத் தொடங்கும் முன் அங்சானா மரத்தடியில் நின்று ஒரு படம். முடித்த பிறகு அதே இடத்தில் நின்று இன்னொன்று. இரண்டையும் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வேலை நடந்ததற்கு அதுதான் சாட்சி. ஒருமுறை போன் நிறைந்துவிட்டதென்று பழைய படங்களை அழித்துவிட்டேன். அந்த வாரம் பார்த்து மன்றத்தில் கேட்டிருக்கிறார்கள். "அக்கா, பழசு புதுசு எதையும் அழிக்காதீங்க லா, என் தலையதான் உருட்டுவாங்க" என்றார் சூப்பர்வைசர். என்னைவிடப் பத்து வயது இளையவர், கோபம் வந்தாலும் அக்கா என்பதை விடமாட்டார். அன்றிலிருந்து ஒரு படத்தையும் நான் அழிக்கவில்லை.

பூங்காவுக்கு வருபவர்களில் நான் கொஞ்சமாவது பேசுவது ஓர் அண்ணனிடம் மட்டும்தான். பந்திங்கில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும், பழகிய காதுக்குத்தான் புரியும். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மின்தூக்கியில் கீழே இறங்கினால் அவர் நடக்கக்கூடிய சமதரை இந்தப் பூங்கா ஒன்றுதான். வெளியே சாலையோர நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள்கள் நிற்கும்.

பாதையோரம் முன்பு கைப்பிடிக் கம்பி இருந்தது. துருப்பிடித்து விழுந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் தன் மனைவியை வைத்து, பாதையின் உள்பக்கம் இருந்த மரத்திலும் விளக்குக் கம்பங்களிலும் நீல ராஃபியா கயிற்றைக் கட்டிக்கொண்டார். இடது கையால் அதைப் பிடித்தபடி காலையும் மாலையும் சுற்றுவார். வலது கால் தரையில் இழுபடும். அது மண்ணில் ஒரு கோடு போடும். நான் பாதையில் இலையை மட்டும் பொறுக்குவேன் என்பதால், பெரிய மழை வந்தால்தான் அந்தக் கோடு அழியும்.

ஒரு நாள் சூப்பர்வைசர் போன் செய்தார். "அக்கா, நாளைக்கு காலையில மன்றத்துல இருந்து ஆபீசர் புவான் ஒருத்தங்க பார்க் பாக்க வராங்க. நல்லா வச்சிருங்க." எதற்கு வருகிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாம் என்ன செய்வோம்? கொடியில் கிடக்கும் துணியை எடுப்போம், கிழிந்த பாயை மறைப்போம், சத்தம் போடும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவோம். நானும் அதைத்தான் செய்தேன். ஆண்கள் 'தாம்' என்ற கட்ட ஆட்டத்துக்குக் காய்களாகப் பெஞ்சுக்கடியில் வைத்திருந்த பாட்டில் மூடிகளை எடுத்துப் பையில் போட்டேன். யாரோ கொண்டுவந்து போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளினேன். உடற்பயிற்சிக்கு வரும் பெண்களிடம் ஒரு நாள் லீவு விடச் சொன்னேன். நீலக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன். கடைசியில் இரும்பு வாருகோலை எடுத்து, பாதை முழுக்கக் கோடுகூட இல்லாமல் வாரி விட்டேன். புது ரொட்டியில் மார்ஜரின் தடவியதுபோல் இருந்தது.

அண்ணனிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். "அண்ணே, நாளைக்கு காலையில மட்டும் கீழ வராதீங்க."

"ஏன், மந்திரி வராரா?"

"ஆபீஸ்ல இருந்து செக் பண்ண வராங்க."

"அப்ப வரல மா. என் நடையப் பாத்தா அவங்களுக்கு ஸ்ட்ரோக் வந்துரும்."

அந்தப் புவான் சின்ன வயசுக்காரர். தோளில் பை, கையில் பெரிய தட்டை போன். ஒரு சுற்று நடந்தார், எதையோ தட்டிக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் நின்று, அக்கா என்று மலாயில் கூப்பிட்டுக் கேட்டார். "காக், இங்கே ஆட்கள் நிறைய வருவார்களா?"

ஆட்கள் வந்தால் குப்பை விழும், குப்பை விழுந்தால் நான் சரியாகப் பெருக்கவில்லை என்று எழுதிவிடுவார் என்று என் மனம் கணக்குப் போட்டது. "இல்லை புவான். யாரும் வருவதில்லை. எப்போதும் இப்படிச் சுத்தமாகத்தான் இருக்கும்" என்றேன். அறிமுகமில்லாத ஒருவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவர் தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

மதியம் கயிற்றை நானே மறுபடி கட்டினேன். சாயங்காலம் அண்ணன் பாதையைப் பார்த்துவிட்டு, "என் ரோட்டையே காணோமே" என்றார். இருவரும் சிரித்தோம்.

மூன்று வாரம் கழித்து சூப்பர்வைசர் நேரில் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, இந்தப் பார்க் லிஸ்ட்ல இல்ல."

"எந்த லிஸ்ட்ல தம்பி?"

"இந்த வருசம் எந்தச் சின்னப் பார்க்குக்கு காசு போடலாம்னுதான் அவங்க பாத்துட்டுப் போனாங்க. இதுல ஆளே வரதில்லன்னு எழுதிட்டாங்க. ஊஞ்சல் சறுக்கு எல்லாத்தையும் கழட்டிருவாங்க. இங்க மோட்டார் நிறுத்த இடம் கேட்டு மேல் மாடிக்காரங்க ரொம்ப நாளா மனு போட்டுட்டு இருக்காங்கல்ல, அவங்களுக்குக் கொடுத்துருவாங்க போல. நீங்க பயப்படாதீங்க, உங்கள வேற பார்க்குக்கு மாத்திரலாம்."

அவர் போன பிறகும் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எனக்கு வேறு பூங்கா கிடைக்கும். அண்ணனுக்கு?

இரண்டு நாள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தேன். மூன்றாம் நாள் அவர் பெஞ்சில் இளைப்பாறும்போது எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் வருவதில்லை என்று நான் சொன்னதையும் சேர்த்து.

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "அடிப்பாவி, குப்பையோட சேத்து என்னையும் கூட்டித் தள்ளிட்டியா?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "மூணு மாசம் வீட்டுக்குள்ளயே கெடந்தேன் மா. சுவத்தத் தவிர ஒண்ணும் தெரியாது. மறுபடி உள்ள போய் உக்காந்தேன்னா, அப்புறம் எந்திரிக்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் மரத்தடியில் நின்று முதல் படத்தை எடுத்தேன். அனுப்பும் முன் ஒரு கணம் பார்த்தேன். இலைகள், நெகிழிப் பைகள், இழுத்துப் போட்ட நாற்காலிகள், யாரோ மறந்த ஒற்றைச் செருப்பு. நடுவில் அந்தக் கோடு. முந்தின நாள் படத்தைத் தள்ளிப் பார்த்தேன், அதிலும் இருந்தது. அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். சுத்தம் செய்த பிறகு எடுத்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி. சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த படங்களில் எங்கள் அடுக்குமாடி முழுக்க இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் வெடிக் காகிதம், மழை நாளில் ஊஞ்சலடிச் சேற்றில் பிள்ளைகளின் கால் தடம், பெஞ்சின் மேல் பாதி விளையாட்டில் விட்டுப்போன பாட்டில் மூடிகள்.

கோடு முதலில் தெரிவது இரண்டு வருடத்துக்கு முன்னால். அப்போது அது கோடாகவே இல்லை. ஏதோ மூட்டையை இழுத்துக்கொண்டு போனதுபோல் அகலமாக, பாதி தூரத்தோடு நின்றுவிட்டிருந்தது. பிறகு முழுச் சுற்று. பிறகு கொஞ்சம் மெலிந்தது. கடைசியாக எடுத்ததில் ஒரு விரல் அகலம்தான், நடுநடுவே விட்டு விட்டு. கால் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியிருக்கிறது. தினமும் பார்த்த எனக்கு அது தெரியவே இல்லை.

அண்ணனிடம் காட்டினேன். வெகு நேரம் போனைத் திருப்பித் தரவில்லை. பிறகு, "வா, ஆபீசுக்குப் போவோம்" என்றார்.

"நான் பேச மாட்டேன் அண்ணே."

"நான் பேசினா யாருக்கும் புரியாது. நல்ல ஜோடிதான் போ."

அண்ணன் ஊன்றுகோலை எடுத்துக்கொள்ள, மன்ற அலுவலகத்துக்கு ஒரு கிராப் வாடகைக் கார் எடுத்துப் போனோம். எண் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எண் வந்தது. கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணன் ஊன்றுகோலால் என் காலைத் தட்டினார். "பார்க், புவான்" என்று மட்டும் சொல்லி, போனில் பூங்காவின் பெயரைக் காட்டினேன். நல்ல வேளை, உள்ளேயிருந்து அதே புவானைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "காக், பூங்கா சுத்தமாக இருந்ததே, என்ன பிரச்சினை?" என்றார்.

"புவான், அன்றைக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன்.

அதைச் சொன்ன பிறகு மற்றது எப்படியோ வந்துவிட்டது. உடைந்த மலாய்தான். போனை நீட்டினேன். அவர் நின்றபடியே ஒவ்வொன்றாகத் தள்ளினார், பிறகு உட்கார்ந்துகொண்டார். "எல்லாப் படத்திலும் இந்தக் கோடு இருக்கிறதே, என்ன இது?" என்றார். நான் அண்ணனின் வலது காலைக் காட்டினேன். அண்ணன் அந்தக் காலை லேசாகத் தூக்கி, பள்ளிக்கூடத்தில் கை தூக்குவதுபோல் ஆட்டிக் காட்டினார். புவானுக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் மாறியது.

அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தன் பக்கத்தைத்தான் சொன்னார். ஏரிப் பூங்கா மாதிரிப் பெரியவற்றுக்கு முதலில் பணம் போய்விடுகிறதாம். மிச்சத்தைத்தான் சின்னப் பூங்காக்களுக்குப் பிரிக்க வேண்டும். "எங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள், காக். இதற்குப் பணம் இல்லை என்று நான் எழுதும்போது, அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் எழுத முடியும்" என்றார். அவர் மேசையில் பாதி சாப்பிட்ட நாசி லெமாக் பொட்டலம் ஆறிக் கிடந்தது. எனக்கு அவர்மேலும் பாவமாக இருந்தது.

"மறுபடி வந்து பார்க்கிறேன். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். அதுவரை பதினொரு மணிக்கு முன்னால் பெருக்க வேண்டாம். உங்கள் சூப்பர்வைசரிடம் நான் சொல்லிவிடுகிறேன். ஆனால் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அதற்கப்புறம் எட்டு நாள் நான் பட்ட பாடு! குப்பைக்கு நடுவில் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கை அரிக்கும். உடற்பயிற்சிக்கு வரும் பெண்கள், "என்ன அக்கா, ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சூப்பர்வைசர், "ஏழு வருசத்துல உங்களுக்கு கெடைச்ச நல்ல ஆர்டர் இதுதான் லா" என்று கிண்டல் செய்தார்.

ஒன்பதாம் நாள் புவான் வந்தார். யாரும் கவனிக்கவில்லை. ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தாம் ஆட்டத்துக்கு வந்த ஒருவர், "மிஸ், கொஞ்சம் தள்ளி உட்காருங்க, எங்க போர்டு மேல உக்காந்திருக்கீங்க" என்று மலாயில் சொன்னார். புவான் எழுந்து பார்த்தால், பெஞ்சில் பேனாவால் போட்ட கட்டங்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்து, அந்த ஆட்டம் முடியும்வரை இருந்தார். பிறகு பாதையில் இறங்கி, அண்ணனுக்குப் பின்னால் கோட்டின் பக்கத்திலேயே மெதுவாக நடந்தார். நீலக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஊஞ்சல் சங்கிலி இந்த வருடம் இல்லை என்றுதான் சொல்லிவிட்டார்கள். ஆனால் பூங்கா பட்டியலில் சேர்ந்தது. மோட்டார் நிறுத்த வேறு இடம் பார்க்கிறார்களாம். இரண்டு மாதத்தில் கைப்பிடிக் கம்பி வந்துவிட்டது. பச்சை வண்ணம் பூசிய நல்ல கம்பி. ஒரே ஒரு தவறு, பாதையின் உள்பக்கம் வைக்காமல், சாக்கடைப் பக்கமாக வெளியே வைத்துவிட்டார்கள். அண்ணனுக்குப் பிடிக்க முடிந்தது இடது கை மட்டும்தான். அதனால் இத்தனை நாள் சுற்றிய பக்கத்தை விட்டு, எதிர்ப்பக்கமாகச் சுற்றினால்தான் கம்பி கைக்கு எட்டும்.

முதல் நாள் கம்பியைப் பிடித்து நின்று பாதையைப் பார்த்தார். "ரெண்டு வருசம் ஓட்டின ரூட்டு மா. இப்ப ஒன்வே மாத்திட்டாங்க."

"நான் போய்ச் சொல்லட்டுமா அண்ணே? புவானைத் தெரியும்ல."

நான் அப்படிக் கேட்டேன் என்பதை நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்தார். "வேணாம் வேணாம், நீ வாயத் தொறந்தா நிறுத்த மாட்ட" என்று சொல்லி, இடது காலை எடுத்து வைத்தார். வலது கால் பின்னால் வந்தது, பழைய கோட்டின் மேலேயே, எதிர்த் திசையில்.

அவர் முதல் வளைவு திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, மரத்தடிக்குப் போய் நின்று அன்றைய முதல் படத்தை எடுத்தேன்.