கூரைக்குக் கீழே பேசாத கலியம்மாள்

மூன்றாம் வகுப்புக்குப் போன முதல் நாளே பழனிவேல் வாத்தியார் கடைசி வரிசைப் பெண்ணிடம் பேர் கேட்டார். அவள் சிலேட்டில் 'கலியம்மாள்' என்று எழுதி நீட்டினாள். கையெழுத்து அழகாக இருந்தது. வாய் திறக்கவில்லை. முத்தாண்டிக்குப்பத்தின் முதல் பட்டதாரி அவர். கேட்ட கேள்விக்குப் பதில் வராதது அவருக்குப் புதிது.

அடுத்த மாதம் மெட்ராஸிலிருந்து டாக்டர் ஒருவர் பிள்ளைகளின் மனக்கோளாறுகளைச் சோதிக்க வருவதாகத் தகவல் வந்தது. அடம், பயம், பேசாமை உள்ளவர்களை வாத்தியார்களே முன்கூட்டிப் பிரித்து வைக்க வேண்டும். பழனிவேல் யோசிக்காமல் கலியம்மாளைச் சொன்னார். டாக்டர் கைவிரித்தால் மெட்ராஸில் தனிப் பள்ளிக்கூடம். வீட்டில் அனுப்ப மாட்டார்கள். படிப்பு அதோடு சரி. அதைச் சொல்ல மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் வீட்டுக்குப் போனார்.

ஒற்றை அறை. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆளான அப்பா சடையப்பன் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மாணிக்கம்மாள் உதட்டில் விரலை வைத்தாள். 'உட்காருங்கள்' என்று கை காட்டினாள். 'வேண்டாம்' என்று இவர் கை காட்டினார். 'பெண் படிக்கிறாளா?' என்று அவள் புருவம் கேட்டது. அதற்கு என்ன சைகை என்று பி.ஏ.வில் சொல்லித்தரவில்லை.

குழாயடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ ஆயா! வயசாயிட்டா வரிசை கெடையாதா? எடு ஒங் கொடத்த! நான் துன்னுட்டு இஸ்கூலுக்குப் போவ வாணாமா?"

எட்டிப் பார்த்தார். கலியம்மாள்தான்.

மாணிக்கம்மாள் வெளியே வந்து வாயைத் திறந்தாள். "அவுங்கப்பாவுக்கு எப்பவும் நைட் ஷிப்ட்டுங்க சார். அங்க கண்ணசந்தா வேலை பூடும். கூரைக்குக் கீழ வாயத் தொறந்தா சூடு வெப்பேன்னு மெரட்டி வச்சிக்கினு இருக்கேன்."

"பள்ளிக்கூடத்துல யாரும் தூங்கலியேம்மா!"

"பக்கத்து ரூம்புல பெரிய வாத்தியாரு தூங்குறாருன்னு சொன்னாளே."



டாக்டர் வந்த அன்று பழனிவேல் அவருக்கு நாற்காலியைப் புங்கமரத்தடியில் போட்டார். கலியம்மாள் பேர் சொன்னாள், வீடு இருக்கும் பிளாக் நம்பர் சொன்னாள், ஆயாவின் குடம் பற்றியும் பெரிய வாத்தியாரின் குறட்டை பற்றியும் சொன்னாள். டாக்டர் கையை உயர்த்தினார்.

"போதும்மா. இவளுக்கு என்னய்யா கோளாறு?"

"கூரைங்க சார்."

அந்த வருஷம் முழுக்க மூன்றாம் வகுப்பு மரத்தடியிலேயே நடந்தது.

கலியம்மாள் இப்போது பத்தாவது படிக்கிறாள். வகுப்புக்குள்ளேயே பேசுகிறாள். சடையப்பன் பெர்மனென்ட் ஆகிவிட்டார், பகல் ஷிப்ட்டும் வருகிறது. வீட்டுக்குள் மட்டும் இன்னும் யாரும் பேசுவதில்லை.