வான்கட்டில் இருந்த பாக்கியம் அக்கா

பஸ் ஓமந்தையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது பாக்கியம் அக்காவின் மகள் கலைவாணி அழைத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த அவளுடைய அம்மாவுக்கென்று விடிய எழும்பி அவித்த இடியப்பம் என் மடியில் இருந்தது.

"அன்ரி, எங்க வாறீங்கள்?"

இன்னும் கொஞ்ச நேரத்தில் வவுனியாவில் இறங்கிவிடுவேன் என்றேன்.

"ஆறுதலா வாங்கோ. அம்மா போயிட்டா."

பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு யன்னலைத் திறந்துவிட்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இறங்கித் திரும்புவதா, தொடர்ந்து போவதா என்று தெரியாமல் அப்படியே இருந்தேன். பஸ் என்னை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கலைவாணி கேட்டபோது, மனதுக்கு ஆறுதலாக நாலு வரி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதைப் படிக்கப்போகும் நீங்கள் எல்லோரும் பாக்கியம் அக்காவை அறிந்தவர்கள். அவர் இருந்த இடத்தைக் கடந்து தினமும் போய் வருகிறவர்கள். கூட்டி எழுதினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

மலையகத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவருடையது. கணவர் இறந்த பிறகு வயலைத் தானே பார்த்தார், மகளைத் தானே படிப்பித்தார். யாருக்கும் பயந்தவர் அல்லர். வாய்க்கால் தண்ணீருக்காக அவர் போட்ட சண்டைகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு மீன்பிடி. பின்னேரமானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விடுவார்.

குளம் நிரம்பியதும் மேலதிக நீர் வழிந்தோடும் சீமெந்துக் கட்டை நாங்கள் வான் என்கிறோம். அதற்கு இந்தப் பக்கம் கற்கள் அடுக்கிய சரிவு. திலாப்பியா நன்றாகக் கடிக்கும் இடம். தபாற் கந்தோரில் வேலை முடிந்ததும் நானும் அங்கே போய் அவரோடு இருப்பேன். எனக்கு முன்னமே பிள்ளைகள் வந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டால் எங்கள் ஊரில் பிள்ளைகள் போவதற்கு வேறு என்ன இடம் இருக்கிறது? அக்கா அவர்களைத் துரத்தவில்லை. தனக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருவரும் நிற்கக்கூடாது, தூண்டில் எறியும்போது பின்னால் நிற்கக்கூடாது, பாசி பிடித்த கல்லில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். வான் பாயும் நாட்களில் அவரே தூண்டில் எடுக்கமாட்டார். ஆனாலும் வருவார். அணைக்கட்டு தொடங்கும் இடத்தில் நின்று, வருகிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவார். "வீட்ட போ. மீன் நாளைக்கும் நிக்கும்."

ஒருநாள் வெளியூர்க் குடும்பமொன்று குளம் பார்க்க வந்தது. தகப்பன் போனில் தண்ணீரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய சின்ன மகள் கற்களில் இறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சட்டையில் பிடித்து இழுத்தார். பிள்ளை வீரிட்டு அழுதது. தகப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் பிள்ளையைப் பயப்பிடுத்துறீங்கள்? நான் இதிலதானே நிக்கிறன். விழுந்தாக் கத்தும்தானே."

"கத்தாது தம்பி" என்றார் அக்கா. "தண்ணிக்குள்ள போற பிள்ளை கத்தாது. வாய்க்குள்ள தண்ணி போனா எப்பிடிக் கத்துறது?"

தகப்பன் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா திரும்பி வந்து தூண்டிலை எடுத்தார். இரை குத்தாமலே நூலைச் சுருட்டினார். அன்று மீன் இல்லாமலே வீட்டுக்குப் போனோம்.

வந்த பிள்ளைகளில் அவருக்கு மிகவும் பிடித்தவள் அபிநயா. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சுதாவின் மகள், மூன்றாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் சலித்து விளையாடப் போய்விடுவார்கள். அவள் மட்டும் மிதவையைப் பார்த்தபடியே இருப்பாள். அவளுக்கென்று சிறிய தடியில் ஒரு தூண்டில் கட்டிக் கொடுத்திருந்தார். ஒருநாள் அதில் பெரிய விரால் ஒன்று மாட்டியது. பிள்ளை தடியை விடவில்லை. அக்கா பிள்ளையின் இடுப்பை விடவில்லை. விராலும் இவர்களும் ஒன்றாகக் கரையில் வந்து விழுந்தார்கள். சேறு பூசிய முகத்தோடு இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் நீர் வந்தது. இரவுக்கு அந்த விரால் குழம்பு சுதா வீட்டிலிருந்து எங்கள் இரு வீடுகளுக்கும் வந்தது.

அடுத்த மாரியில் அவள் போனாள்.

அன்று அக்காவுக்கு வவுனியாவில் சிறுநீரகக் கிளினிக். பல நாள் மழை அன்றுதான் விட்டிருந்தது. வான் பாய்ந்துகொண்டிருந்தது. வான் பாயும்போது கீழே பள்ளத்தில் மீன் துள்ளுவது மேலிருந்தே தெரியும். அபிநயா தூண்டிலோடு தனியே போயிருக்கிறாள். சீமெந்தில் பாசி. பொழுதுபடுவதற்கு முன்னர் கீழ்வாய்க்காலில், மருத மரத்து வேர்களுக்குள் அவளைக் கண்டெடுத்தார்கள். அக்கா பஸ்ஸில் வந்து இறங்கியபோது சனம் வீதியில் நின்றது. யாரும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு பிள்ளையின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். யார் இல்லை என்று கண்டதும் வீதியிலேயே குந்திவிட்டார்.

செத்தவீட்டில் சுதா அவரைத் தன் பக்கத்தில் இருத்தினாள். கத்தவில்லை. மெல்லத்தான் கேட்டாள்.

"எனக்கு உங்களில கோபமில்லை அக்கா. ஆனா அவளுக்குத் தூண்டில் பிடிக்கப் பழக்கினது நீங்கள்தானே?"

"ஓம்" என்றார் அக்கா.

அந்தக் கிழமையே வீட்டில் இருந்த தூண்டில்கள் எல்லாவற்றையும் முறித்து அடுப்பில் வைத்தார். அதன் பிறகு வெறுங்கையோடு வான்கட்டுக்குப் போனார். மதியம் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலிருந்து இருட்டும்வரை அங்கே இருந்தார். முன்பு போல அதட்டலும் இல்லை, கதையும் இல்லை. வேலி அடித்துத் தரச் சொல்லிக் கேட்க அவரும் நானும் கிளிநொச்சிக்குப் போனோம். ஒரு கந்தோரில் இன்னொரு கந்தோரைக் காட்டினார்கள். அங்கே "பாப்பம்" என்றார்கள். கடைசியில் ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிட்டுப் போனார்கள். கச்சான் காற்றில் துணி கிழிந்தது. தடியை யாரோ விறகுக்குப் பிடுங்கிப் போனார்கள்.

இந்த வருடம் அவருடைய சிறுநீரக வருத்தம் முற்றியது. கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். வெயில் காலத்தில் ஒழுங்காகப் போய்வந்தார். மாரி தொடங்கி, குளம் நிரம்பி, வான் பாய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார். செய்தி கேட்டு நான் குடையோடு ஓடினேன். அணைக்கட்டில் ஒரு கதிரையைப் போட்டு, தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார்.

"காலைப் பாருங்கோ அக்கா, எப்பிடி வீங்கிக் கிடக்கு. நாளைக்குப் போகாட்டி என்ன நடக்குமெண்டு தெரியும்தானே?"

"தெரியும்."

"நான் லீவு போட்டிட்டு இதில இருக்கிறன். சத்தியமா இருக்கிறன்."

"நாளைக்கு இருப்பாய். வெள்ளிக்கிழமை? அடுத்த கிழமை?"

குடையை அவர் பக்கம் சரித்தேன். அவரே பேசினார்.

"அண்டைக்கும் கிளினிக்குக்குத்தானே போனனான் தங்கச்சி. திரும்பி வந்து பாத்தா பிள்ளை இல்லை. இனி என்னால ஏலாது."

"அது உங்கட பிழை இல்லை அக்கா."

"பிழையெண்டு நான் சொன்னனானா? ஏலாதெண்டுதான் சொல்லுறன்."

தாய்மார் சிலரைச் சேர்த்து, ஆள்மாறி ஆள் காவல் இருப்பதென்று ஒழுங்கு செய்தேன். முதற் கிழமை நடந்தது. பிறகு வயலில் களை எடுக்கும் வேலை வந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல். ஒருத்தியின் கைக்குழந்தையை மழைக்குள் கொண்டுவர முடியாது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அக்கா கதிரையை விட்டு எழும்பவே இல்லை. மூச்சு விட முடியாமல் போன பிறகுதான் கலைவாணி வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தேன். அங்கே எல்லாம் செய்தார்கள். காலம்தான் கடந்திருந்தது. என்னைக் கண்டதும் கேட்டார்:

"வான் பாயுதே?"

"ஓம் அக்கா."

"ஆர் நிக்கினம்?"

நான் போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. அவருக்குப் பிடித்ததை அவித்துக்கொண்டு மறுபடி போனபோதுதான் அந்த அழைப்பு வந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குச் சுதாவும் வந்திருந்தாள். முன்னுக்கு வரவில்லை. குசினிக்குள் இருந்து தேங்காய் துருவினாள். நான் உள்ளே போனபோது தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"நான் அண்டைக்கு அப்பிடிக் கேக்காட்டி, அவா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா, என்னக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் துருவிக் கிடந்ததைத்தான் வழித்துச் சட்டியில் போட்டேன். அவள் மறுபாதித் தேங்காயை எடுத்தாள்.

போன சனிக்கிழமை மழை விட்ட கையோடு குளத்துக்குப் போனேன். வான் பாய்ந்துகொண்டிருந்தது. கட்டுக்குக் கீழே பிள்ளைகள் தூண்டிலோடு நின்றார்கள். அக்காவைப் போல அதட்டிப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசுப் பக்கமாக ஓடிப்போய்விட்டார்கள். அங்கே கரை இன்னும் செங்குத்து, தண்ணீர் இன்னும் ஆழம். துரத்திக்கொண்டு போனால் அதற்கும் அப்பால் போவார்கள் என்று தெரிந்தது. இடையில் நின்றுவிட்டேன்.

பாக்கியம் அக்காவின் துணிவு என்னிடம் இருக்கிறது என்று எழுத ஆசைதான். அது அவரோடு போய்விட்டது. அவரிடமிருந்து என்னிடம் வந்து மிஞ்சியிருப்பது அவருடைய பயம். மழை இரைந்தால் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு அணைக்கட்டுக்குப் போகிறேன். போகாமல் இருக்க முடியவில்லை. போய் நின்று என்ன செய்வதென்றும் எனக்குத் தெரியவில்லை.